உள்வளைவு

நாற்காலிக் கையின் வெளிவளைவை யார் வேண்டுமானாலும் தேய்த்துவிடலாம். இழைப்புளி இருக்கிறது, பெல்ட் சாண்டர் இருக்கிறது. ஒன்றும் இல்லாவிட்டால் ஒரு மரத்துண்டில் உப்புத்தாளைச் சுற்றி நாலு இழுப்பு இழுத்தால் ஆயிற்று. சிக்கல் உள்வளைவில்தான். உட்கார்ந்தவரின் விரல்கள் போய்ப் பதிகிற அந்தக் குழிந்த பக்கத்துக்குத் தட்டையான கருவி எதுவும் எட்டாது. அரைவட்ட அரம் எட்டும், அதற்குப் பிறகு விரலில் சுற்றிய உப்புத்தாள் எட்டும். மிச்சமெல்லாம் நேரமும் கைத்தோலும்.

மலைமேல் ஜமுனாமரத்தூரில் இருக்கும் என் பட்டறைக்கு ஒரு பள்ளிக்கூடத்திலிருந்து 40 கை வைத்த நாற்காலிகளுக்கு வேலை வந்தது. 80 கைகள், கைக்கு இரண்டு உள்வளைவு, ஆக 160 வளைவுகள். கை எல்லாம் வேங்கை. ஒரு வளைவை அரத்தால் சமன்செய்து, 80ஆம் நம்பர் தாளும் 120ஆம் நம்பர் தாளும் போட்டு முடிக்க 20 நிமிடம் ஆனது. கணக்குப் போட்டால் உள்வளைவுக்கு மட்டுமே 53 மணி நேரம். மூன்றாம் நாள் என்னிடம் வேலை பழகும் பையன் விரல் நுனியைக் காட்டினான். ரேகை தேய்ந்து வழுவழுவென்று இருந்தது. “அண்ணா, ரேஷன் கடை மெஷின்ல கை வெச்சா எடுக்கமாட்டேங்குது” என்றான். அன்றைக்குத்தான் உள்வளைவுக்கு ஒரு மெஷின் வாங்கியே தீர வேண்டும் என்று முடிவு செய்தேன்.

ஆனால் நேரே போய் வாங்கவில்லை. எல்லாப் பட்டறைக்காரர்களும் செய்வதைத்தான் நானும் முதலில் செய்தேன். மேசை டிரில் மெஷினின் சக்கில் ஒரு ரப்பர் உருளையை மாட்டி, அதன் மேல் உப்புத்தாள் குழலைப் போட்டு ஓட்டினேன். முதல் அரை மணி நேரம் ஆனந்தமாக இருந்தது. அதன் பிறகு வேங்கையில் கருப்புக் கோடுகள் விழ ஆரம்பித்தன. வேங்கையின் பிசின் லேசுப்பட்டதில்லை. கீறினால் ரத்தம் போல வடியும், குழந்தைக்குப் பொட்டாகக் காய்ச்சி வைப்பது அதைத்தான். மரம் காய்ந்தாலும் சூடு ஏறினால் அந்தப் பிசின் இளகித் தாளில் ஏறிவிடுகிறது. உருளை ஒரே உயரத்தில் சுற்றுவதால், மரத்தின் கனம் எவ்வளவோ அவ்வளவு அகலத்துக்கு மட்டும் தாள் அடைத்துப் பளபளவென்று கண்ணாடியாகிவிடும். மேலேயும் கீழேயும் தாள் புதிதாக அப்படியே இருக்கும். அடைத்த இடம் அறுக்காது, எரிக்கும்.

இரண்டாவது விஷயம் அதைவிட மோசம். டிரில் மெஷினின் தண்டும் பேரிங்கும் மேலிருந்து கீழே அழுத்துவதற்காகச் செய்யப்பட்டவை. சக் அதில் ஆணி அடித்து நிற்பதில்லை. கூம்பான தண்டில் இறுக்கமாக உட்கார்ந்திருக்கிறது, அவ்வளவே. துளை போடும்போது அழுத்தம் அதை மேலும் உள்ளே தள்ளும். பக்கவாட்டில் மரத்தை வைத்து அழுத்த அழுத்த அந்தப் பிடி தளரும். ஒரு மத்தியானம் சக்கும் உருளையுமாகச் சுற்றிக்கொண்டே கழன்று மேசையில் விழுந்து, துள்ளிச் சுவரில் போய் மோதியது. எதிரே யாரும் நிற்கவில்லை. அதோடு அந்த உருளையைக் கழற்றி ஆணிப் பெட்டியில் போட்டேன். டிரில் மெஷினில் உருளை போட்டுத் தேய்க்கும் தோழர்கள் பலர் இருக்கிறார்கள். அவர்களுக்கு நான் சொல்வது இது ஒன்றுதான்: அந்த மெஷின் அதற்காகப் பிறந்ததில்லை.

போளூரில் அப்பாவின் பட்டறையில் நான் தொழில் பழகியபோது உப்புத்தாளுக்குச் சில சமயம் தட்டுப்பாடு வரும். அப்பா மலையடிவாரத்திலிருந்து பராய் இலை பறித்து வந்து வைத்திருப்பார். மேல்பக்கம் சொரசொரவென்று மெல்லிய அரம் போல இருக்கும். நனைத்து, கட்டைவிரலால் அழுத்தி, வளைவுக்குள் அவர் தேய்க்கும்போது கை ஒரே தடத்தில் போகாது. மேலே ஏறும், சாயும், சுற்றும், கீழே இறங்கும். நான் ஒரே கோட்டில் இழுத்தால், “ஒரே எடத்துலயே போவாதடா, பள்ளம் விழுது பாரு” என்பார். அவர் கையின் அந்த அலைச்சல்தான், உள்வளைவு தேய்க்கும் மெஷினான நல்ல ஸ்பிண்டில் சாண்டரின் உயிர் என்பது எனக்கு ரொம்ப நாள் கழித்துத்தான் புரிந்தது.

புரியவைத்தவர் காவலூர் வானாய்வகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவர். இதே மலையில்தான் காவலூர். அங்கே இருக்கும் 2.34 மீட்டர் தொலைநோக்கியை 1986 ஜனவரியில் ராஜீவ் காந்தி திறந்துவைத்தார். அதற்காகப் பாடுபட்டு, 1982இல் மறைந்துபோன வானியலாளர் வைணு பாப்புவின் பெயர் வானாய்வகத்துக்கு வைக்கப்பட்டது. அந்தத் தொலைநோக்கியின் பெரிய கண்ணாடியைத் தேய்த்து மெருகேற்றியது பெங்களூரில் இந்திய வானியற்பியல் நிறுவனத்தின் கூடத்தில். பெரியவர் ஒரு புத்தக அலமாரி செய்யச் சொல்ல வந்தவர், நான் எரித்து வைத்திருந்த நாற்காலிக் கையை எடுத்துப் பார்த்தார். “தம்பி, கண்ணாடி தேய்க்கறதுக்கும் இதான் பாடம். தேய்க்கிற கருவி ஒரு தரம் போன வழியில மறுதரம் போகக்கூடாது. போச்சுன்னா அந்தத் தடம் வளையமா நின்னுடும்” என்றார். கண்ணாடியையும் திருப்பிக்கொண்டே, கருவியின் இழுப்பையும் மாற்றிக்கொண்டே தேய்ப்பார்களாம். மரத்துக்கு அந்த நுணுக்கம் வேண்டாம். ஆனால் விதி ஒன்றே.

ஸ்பிண்டில் சாண்டர் என்பது பார்க்க எளிய மெஷின். மேசையின் நடுவே ஒரு துளை, துளை வழியே செங்குத்தாக நிற்கும் ரப்பர் உருளை, அதன் மேல் உப்புத்தாள் ஸ்லீவ், மேசைக்கு அடியில் மோட்டார். மரத்தை மேசையில் படுக்கவைத்து உருளைக்கு எதிராக நகர்த்த வேண்டும். நல்ல மெஷினில் உருளை சுற்றும்போதே மெதுவாக ஏறி இறங்கவும் செய்யும். மேசை மேல் வைக்கும் சிறிய வகைகள் பெரும்பாலும் 450 வாட் அளவில், நிமிடத்துக்கு 2000 சுற்று, 58 ஏற்ற இறக்கம் என்ற கணக்கில் வருகின்றன. ஒருமுறை ஏறி இறங்குவதற்குள் உருளை 34 தடவைக்கு மேல் சுற்றிவிடும். மரத்தின் ஒரு புள்ளியைத் தாளின் ஒரே மணல் திரும்பத் திரும்பக் கீறாது. அடைத்த இடம் நகர்ந்துபோய்ப் புதிய இடம் வரும், சூடு பரவும், தாளின் முழு உயரமும் வேலை செய்யும். ஏறி இறங்காத உருளையை எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் நான் வாங்கமாட்டேன் என்று இதற்குப் பிறகு தீர்மானமாகிவிட்டது.

வாங்குவதற்கு முன்னால் ஓடுகிற மெஷின் ஒன்றைப் பார்க்க விரும்பினேன். கோயம்புத்தூரில் வார்ப்படப் பட்டறைகளுக்கு மர பேட்டர்ன் செய்பவர்கள் நிறைய. பம்பின் உடம்பு, புல்லி, வால்வு என்று எதை வார்க்க வேண்டுமானாலும் முதலில் மரத்தில் ஓர் உரு வேண்டும். அவர்கள் இந்த மெஷினைப் பாபின் சாண்டர் என்கிறார்கள். நான் பார்த்தது பழைய வார்ப்பிரும்பு உடம்பு, ஆள் இடுப்பு உயரம், ஓடும்போது மேசை மேல் வைத்த டீ கிளாஸில் அலை எழாது. அந்தக் கனம்தான் அதன் அழகு. மேசையைச் சாய்த்துக்கொள்ளலாம். பேட்டர்னுக்கு அந்தச் சாய்வு உயிர். பக்கங்கள் சற்றே சரிந்திருந்தால்தான் மண்ணிலிருந்து உருவை அச்சு கலையாமல் வெளியே எடுக்க முடியும். ஓட்டிக் காட்டியவர் என்னிடம் கேட்டார்: “உங்களுக்கு எதுக்குங்க சாய்வு?” யோசித்தேன். நாற்காலிக் கை, நடைவண்டிப் பிடி, காய்கறிப் பலகையின் கைத்துளை, எதிலுமே எனக்குச் சாய்வு வேண்டியதில்லை. எல்லாம் செங்கோணம். “அப்ப சாயாத மேசையே எடுங்க. கீல் ஒண்ணு இருந்தா அது ஒருநாள் தளரும், தெனமும் மட்டம் வெச்சுப் பாத்துட்டே இருக்கோணும்” என்றார். மெஷின் தேர்வில் எனக்குக் கிடைத்த ஆகச் சிறந்த யோசனை அதுதான். ஒரு வசதி கூடுதலாக இருக்கிறது என்பதற்காக வாங்கினால், அந்த வசதியைப் பராமரிக்கும் வேலையும் சேர்ந்தே வீட்டுக்கு வரும்.

அமெரிக்காவில் இருக்கும் சொந்தக்காரர் ஒருவர் தன் பழைய மெஷினைக் கப்பலில் அனுப்புவதாகச் சொன்னார். பெல்ட்டும் உருளையும் ஒரே உடம்பில் மாறி மாறிப் போட்டுக்கொள்ளும் வகை, ஆசையாக இருந்தது. அது 110 வோல்ட். டிரான்ஸ்ஃபார்மர் போட்டு வோல்ட்டேஜைக் குறைத்துவிடலாம். ஆனால் அங்கே மின்சாரம் வினாடிக்கு 60 சுழற்சி, இங்கே 50. டிரான்ஸ்ஃபார்மர் அதை மாற்றாது. கார்பன் பிரஷ் உள்ள மோட்டாராக இருந்தால் கவலையில்லை. இண்டக்ஷன் மோட்டார் என்றால் அங்கே 1725 சுற்று ஓடுவது இங்கே 1440 பக்கம்தான் ஓடும், சூடும் கூடும். நன்றி சொல்லி வேண்டாம் என்றுவிட்டேன். வெளிநாட்டிலிருந்து மெஷின் கொண்டுவர நினைக்கும் எல்லாரும் பெயர்ப்பலகையில் வோல்ட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் அந்த இன்னொரு எண்ணைப் பார்க்க வேண்டும்.

சுற்று வேகம் வெறும் எண் இல்லை. 2000 சுற்றில் 50 மில்லிமீட்டர் உருளையின் தாள் நிமிடத்துக்கு 314 மீட்டர் ஓடுகிறது. அதே மெஷினில் 13 மில்லிமீட்டர் உருளை போட்டால் 82 மீட்டர்தான். 75 மில்லிமீட்டர் போட்டால் 471 மீட்டர். அதனால்தான் சின்ன உருளை அறுக்கவே மாட்டேன் என்று அழுகிறது, பெரியது கொஞ்சம் அழுத்தினாலும் எரிக்கிறது. வளைவுக்குள் நுழையக்கூடிய உருளைகளிலேயே பெரியதைப் போடு என்பது பொதுவான விதி. வேங்கைக்கும், பிசின் உள்ள வேறு மரங்களுக்கும் நான் அதோடு இன்னொன்று சேர்த்துக்கொள்வேன்: பெரியதைப் போடு, ஆனால் மரத்தை நிறுத்தாதே. ஒரு மூச்சு நேரம் நின்றாலும் அங்கே ஒரு குழி, குழியின் நடுவே ஒரு கருப்பு.

எங்கள் மலையில் மெஷின் வாங்குகிறவன் கடைசியாகக் கேட்க வேண்டியது மின்சாரத்தை. மீட்டர் வைத்து ஒரு வாரம் எழுதி வைத்தேன். காலையில் 220க்கு மேல் இருந்தது, விளக்கு போடும் நேரத்தில் என் பட்டறையில் 180க்கு இறங்கியது. இண்டக்ஷன் மோட்டாரின் இழுவிசை வோல்ட்டேஜின் இருமடி விகிதத்தில் குறையும். 230க்குச் செய்த மோட்டார் 180இல் 61 சதவீத இழுவிசைதான் தரும். நாம் அதே அழுத்தம் கொடுத்தால் அது திணறிக் கூடுதலாக மின்சாரம் இழுத்து வெந்துபோகும். ஒன்றரைக் குதிரைத்திறன் பெரிய மெஷினுக்கு ஆசைப்பட்டவன் சின்னதுக்கு இறங்கி வந்தது இந்த நோட்டுப் புத்தகத்தால்தான். சின்ன மோட்டாருக்கு ஒரு ஸ்டெபிலைசர் போதும். உருளை வேலை எல்லாம் மத்தியானத்துக்குள் முடிக்க வேண்டும் என்று பட்டறையில் நேரமும் வகுத்துவிட்டோம்.

பட்டறையையே போளூருக்கு இறக்கிவிடலாமே என்று கேட்டவர்கள் உண்டு. மும்முனை மின்சாரம் கிடைக்கும், லாரி வாசலில் வந்து நிற்கும். இறக்கமாட்டேன். இந்த மலையில் மரத்தொழில் செய்கிறேன் என்றாலே முதல் கேள்வி சந்தனமா என்பது. இரண்டாவது கேள்வி செம்மரமா என்பது. 2015 ஏப்ரல் 7 அன்று ஆந்திராவின் சேஷாசலம் காட்டில் 20 பேர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். செம்மரம் வெட்ட வந்தவர்கள் என்றார்கள். இந்த மலையிலிருந்தும் அடிவாரத்திலிருந்தும் கூலிக்குப் போனவர்கள் அவர்களில் இருந்தார்கள். கோடாரி பிடிக்கத் தெரிந்த கைக்கு உளியும் மூலைமட்டமும் ஒரு மாதத்தில் பழகிவிடும் என்பதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். பில் போட்டு வாங்கிய வேங்கையும் வாகையும் பலாவும் வைத்து, மலை மேலேயே அந்தக் கைகளுக்கு வேலை கொடுக்க வேண்டும். ஆகவே மெஷின்தான் மலைக்கு ஒத்துவர வேண்டும்.

சென்னையில் பாரிமுனைப் பக்கம் செம்புதாஸ் தெரு, லிங்கிச் செட்டித் தெரு என்று இரண்டு நாள் அலைந்தேன். கடைக்காரர்கள் குதிரைத்திறனைச் சொல்வார்கள், பெட்டியில் வரும் உருளைகளின் எண்ணிக்கையைச் சொல்வார்கள். நான் ஸ்லீவைக் கேட்டேன். இந்த அளவு ஸ்லீவ் தனியாகக் கிடைக்குமா, எந்த நம்பரில், ஒரு டஜன் இப்போது கையில் இருக்கிறதா? பாதிக் கடைகள் இந்தக் கேள்வியிலேயே உதிர்ந்தன. தாள் கிடைக்காத மெஷின் இரும்புக் கட்டிதான். இருப்பு வைத்திருந்த ஒரு கடையில் பெட்டியைப் பிரிக்கச் சொன்னேன். மேசை மேல் இரும்பு அளவுகோலைக் குறுக்கும் நெடுக்கும் நிறுத்தி அடியில் வெளிச்சம் கசிகிறதா என்று பார்த்தேன். உருளையைக் கையால் சுற்றி, ஏறிய நிலையிலும் இறங்கிய நிலையிலும், நாலு பக்கமும் மூலைமட்டம் வைத்தேன். முதல் மெஷினில் ஒரு பக்கம் தாள் கனத்துக்கு இடைவெளி தெரிந்தது. நாற்காலிக் கையின் கனத்துக்கு அது போதும், மேல் விளிம்பும் கீழ் விளிம்பும் வேறாகிவிடும். இரண்டாவது பெட்டியைப் பிரித்தார். மட்டம் ஒட்டி நின்றது. உருளையைச் சுற்றியுள்ள துளையை மூடும் வளையத் தட்டுகள் ஒவ்வோர் அளவுக்கும் தனித்தனியாக இருக்கின்றனவா என்றும் பார்த்தேன். சின்ன உருளையைப் பெரிய துளையில் வைத்து ஓட்டினால் மரத்தின் முனை இடுக்கில் இறங்கும், விரலும் இறங்கலாம்.

கடைக்காரர் எதையும் சொல்லாமல் விட்டது தூசியைப் பற்றி. இதை நான் கொஞ்சம் கோபமாகவே எழுதுகிறேன். உளியும் இழைப்புளியும் சுருள் போடும். சுருள் காலடியில் விழும். உருளை போடுவது மாவு. அது விழாது, மிதக்கும். மரத்தூசி மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் என்று உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை 1995லேயே முதல் வகுப்பில் சேர்த்துவிட்டது. மூக்கும் அதை அடுத்த எலும்பறைகளும்தான் முதல் இலக்கு. சேர்வராயன் மலையில் காபிக்கு நிழலாக வைக்கும் சில்வர் ஓக் சிலருக்குத் தோலில் தடிப்பு உண்டாக்கும். பலாவின் மஞ்சள் மாவு மூக்கில் ஏறினால் நாள் முழுக்கத் தும்மல். அப்பா நாற்பது வருடம் வாயில் துண்டுகூடக் கட்டாமல் வேலை செய்தார், கடைசிப் பத்து வருடம் இருமினார். என் மெஷினின் பின்னால் ஒன்றரை அங்குலக் குழாய் வாய் இருக்கிறது. அதில் வேக்குவம் கிளீனரைப் பொருத்தாமல் சுவிட்சைப் போடக் கூடாது என்பது பட்டறையின் சட்டம். முகமூடியும் வேண்டும், குழாய் எல்லாவற்றையும் இழுத்துவிடாது. மெஷினுக்கு ஒதுக்கிய பணத்தில் கால்வாசியை இதற்கு எடுத்து வைக்காதவர் மெஷின் வாங்க இன்னும் தயாராகவில்லை என்றே சொல்வேன்.

மலைக்குக் கொண்டுவந்த பிறகுதான் உண்மையான பழக்கம். மரத்தைக் கோட்டுக்கு ஒரு மில்லிமீட்டர் வெளியே அறுத்துவிட்டுத்தான் உருளைக்குக் கொண்டுபோக வேண்டும். மூன்று மில்லிமீட்டர் விட்டுவிட்டு உருளையே தின்னட்டும் என்றால் ஸ்லீவ் ஒரு வாரம்கூடத் தாங்காது. உருளை சுற்றும் திசைக்கு எதிராகத்தான் மரத்தை நகர்த்த வேண்டும். கூடவே போனால் கையிலிருந்து பிடுங்கி எறிந்துவிடும். ஸ்லீவின் கீழ்ப் பாதிதான் முதலில் தேயும், அதைக் கழற்றித் தலைகீழாகப் போட்டால் இன்னொரு ஆயுள். அதுவும் தேய்ந்தால், நடுவில் துளை போட்ட ஓர் அங்குலப் பலகையை மேசை மேல் போட்டு மரத்தை உயர்த்தி, நடுப் பகுதியையும் பயன்படுத்திவிடுவோம். பிசின் அடைத்தால் கிரேப் ரப்பரை ஓடும் உருளையில் அழுத்தினால் போதும், தாள் புதிதாகிவிடும். அதற்கென்று விற்கும் கட்டியை நாங்கள் வாங்குவதில்லை. கீழே ஆம்பூரில் செருப்புக்கு அடி வெட்டிய மிச்சத் துண்டுகள் கிடைக்கின்றன.

எண்பது கைகளும் ஒன்றுபோல வந்ததற்கு வேறு ஒரு வேலை காரணம். உருளையின் அடியில், மேசையோடு அசையாமல், உருளைக்குச் சமமான விட்டத்தில் ஒரு மரவட்டைப் பொருத்தினோம். பிளைவுட்டில் செய்த மாதிரி அச்சை மரத்தின் அடியில் ஒட்டி, அச்சு வட்டில் உரசிக்கொண்டே போகும்படி நகர்த்தினால், மேலே உருளை அதே வடிவத்தை மரத்தில் எடுத்துவிடும். கண்ணும் கோடும் வேண்டாம். 20 நிமிட வளைவு நாலு நிமிடத்துக்கு வந்தது. கடைசி 120 தாள் மட்டும் இன்னமும் கையால்தான், மரத்தின் ரேகை ஓட்டத்தில். உருளை ரேகைக்குக் குறுக்கே போட்ட நுண்கீறல் பாலிஷ் போட்டதும் எழுந்து நிற்கும்.

13 மில்லிமீட்டர் ஸ்லீவ்தான் எப்போதும் முதலில் தீர்ந்துபோகிறது. போன வருடம் வேலைக்குச் சேர்ந்த பெண் ஒருநாள் நடைவண்டிப் பிடியின் வரைபடத்தை எடுத்து வந்து, உள்வளைவைச் சற்று விரித்துப் போட்டிருந்தாள். “அண்ணா, இப்படிப் போட்டா ரெண்டு அங்குல உருளையே உள்ள போவும், சின்ன ஸ்லீவ் மிச்சமாவும்.” பிடித்துப் பார்த்தேன். குழந்தையின் கைக்கு முன்பைவிட நன்றாகவே இருந்தது. இப்போது புதிதாக எது வரைந்தாலும் உருளைகளை மேசையில் வரிசையாக நிறுத்தி வைத்துக்கொண்டுதான் வரைகிறோம்.

தொட்டில் கட்டையை மட்டும் நான் மாற்ற விடவில்லை. சேலை விழுந்து தொங்கும் இரண்டு முனையிலும் அப்பா போட்ட வளைவு இறுக்கமானது, கூடவே ஒரு பக்கம் முறுகிப் போகும். சேலை நழுவாமலும் நூல் அறாமலும் இருப்பது அந்த முறுக்கால்தான். செங்குத்தாக நிற்கும் எந்த உருளையும் அதற்குள் சரியாகப் போகாது. அதற்கு அரைவட்ட அரத்தைத்தான் எடுக்கிறேன். அடிவாரத்தில் பராய் கண்ணில் பட்டால் நாலு கொத்து ஒடித்துக்கொண்டும் வருகிறேன்.